ஒருநிமிஷமும் உருவிய கார்டும்

காலையில் கேட்ட ஜோக்குக்குச் சாயங்காலம் சிரிக்கக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தார். மறுக்க விரும்புகிற வாசகர்கள் தாராளமாக மறுக்கலாம். ஆனால் அப்படி இன்னொருவரைக் கையோடு அழைத்து வந்து நிறுத்திவிட்டு மறுக்க வேண்டும்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆதார் கேட்கும் இடங்களில் மட்டும் அது வெளியே வரும். மற்றபடி எங்கள் ஆபீசுக்கும், கீழே இருந்த ஜெராக்ஸ் கடைக்கும், எதிர் டீக்கடைக்கும், டவுன் பஸ் கண்டக்டருக்கும் அவர் 'ஒருநிமிஷம்'தான். யார் கூப்பிட்டாலும் முதலில் ஒரு விரலைத் தூக்கி "ஒரு நிமிஷம்" என்பார். பிறகு, அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார், எந்த இடத்தில் விட்டார் என்பதைத் தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொள்வார். அதற்கப்புறம்தான் முகத்தைத் திருப்புவார்.

மதியச் சாப்பாட்டின் நடுவில் போன் அடித்தால் உடனே எடுக்க மாட்டார். இலையைப் பார்த்து, "சாம்பார் ஆச்சு, ரசம் பாக்கி, அப்பளம் பாதி" என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் எடுப்பார். எடுத்ததும் எதிர்முனை என்ன சொன்னாலும் அவர் பதில் ஒன்றே: "தெரிஞ்சிது. சாயங்காலம்." போனை வைத்துவிட்டு, விட்ட அப்பளத்தை விட்ட கடியிலிருந்து தொடர்வார். என் டிபன் பாக்ஸில் தப்பித் தவறி வந்துவிடும் கத்திரிக்காயும் அவருக்குத்தான் போகும். கத்திரிக்காய் தின்றால் எனக்கு உதடு வீங்கி மூன்று நாளைக்கு ஊர் சிரிக்கும்.

சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு அன்றைய பாக்கிகளைத் தீர்ப்பார். காலையில் போன் செய்தவர்களை வரிசையாகக் கூப்பிட்டுப் பேசுவார். முதலாளி காலையில் சொன்ன ஜோக்கை நினைவுபடுத்திக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரிப்பார். தனியாக ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து ஒருவர் இப்படிச் சிரிப்பதைக் கண்டு, நடைப்பயிற்சிக்காரர்கள் மைதானத்தின் அந்த மூலையையே தவிர்த்துவிட்டார்கள்.

கோபமும் இதே கணக்குத்தான். ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருநாள் காலை, ஸ்கூட்டரை வழியில் நிறுத்தியதற்காக அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டார். ஒருநிமிஷம் முகம் மாறாமல், "வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு மாடியேறி வந்துவிட்டார். சாயங்காலம் ஜெராக்ஸ் கடைக்காரர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, "வாங்க சார், வடை சூடா இருக்கு" என்று ஒன்றை நீட்டினார். அந்த நேரத்தில்தான் காலைக் கோபம் இவருக்கு வந்து சேர்ந்தது. வாசலில் நின்று அவர் போட்ட சத்தத்தில் அந்த மனுஷன் வடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஸ்கூட்டர் மக்கர் செய்யும் நாட்களில் அவர் ஏறும் டவுன் பஸ்ஸின் கண்டக்டர் ஆரம்பத்தில் இவரைக் கொஞ்சம் கழன்ற கேஸ் என்றே நினைத்தார். டிக்கெட் கேட்டால், "ஒரு நிமிஷம். புரோகிராம்ல ரெண்டாவது அடைப்புக்குறி மூடல" என்று ஒருவர் சொன்னால் வேறு என்னதான் நினைப்பது? பழகிய பிறகு கண்டக்டரே பக்கத்தில் வந்து நின்று, "மூடிட்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் கிழிப்பார்.

இந்த ஆபீஸ் என்ன ஆபீஸ் என்று சொல்லிவிடுகிறேன். கோர்ட்டுக்குப் போகும் வழியில் ஒரு மாடி. மொத்தம் மூன்று பேர். முதலாளி, சேத்தியாத்தோப்பில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். முகூர்த்தம் முகூர்த்தமாக முட்டி போட்டு முழங்கால் தேய்ந்துபோனதால், உட்கார்ந்து செய்யும் தொழிலாக ஒன்றை யோசித்தார். கேமராவிலிருந்து கழற்றும் கார்டை ஒரு பெட்டியில் செருகினால், அதில் இருப்பதையெல்லாம் அது பத்திரமாக இரண்டு பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டே மண்டபத்துப் பெரிய திரையிலும் படம் காட்ட வேண்டும். அதுதான் எங்கள் மண்டபப் பெட்டி. அதன் உள்ளே ஓடுகிற ஆபரேட்டிங் சிஸ்டத்தையும், கார்டோடு பேசுகிற புரோகிராமையும் எழுதியது ஒருநிமிஷம். அதைச் சோதிப்பது, அதாவது உடைத்துப் பார்ப்பது, என் வேலை.

பிறந்ததிலிருந்து எதையாவது உடைத்துத் திட்டு வாங்கியே வளர்ந்தவள் கலை என்கிற நான். உடைத்தால் சம்பளம் என்று ஒரு வேலை கிடைத்தால் விடுவேனா? காலையில் ஆபீஸ் படியேறும்போதே இன்றைக்கு இந்தப் பெட்டியை எப்படித் திணறடிக்கலாம் என்று கை பரபரக்கும். படித்த படிப்புக்கும் என் குணத்துக்கும் ஒன்றாகப் பொருந்திய இடம் அது ஒன்றுதான். அந்த வேலை எனக்கு உயிர்.

சேர்ந்த புதிதில் ஒருநிமிஷத்திடம், இது என்ன பழக்கம் அண்ணா, மனிதர்களிடம் இப்படியா நடந்துகொள்வது என்று கேட்டேன். ஒரு விரல், "ஒரு நிமிஷம்", எந்த வரியில் விட்டார் என்ற அறிவிப்பு, எல்லாம் முடிந்த பிறகு சொன்னார்.

"கம்ப்யூட்டர் அது பாட்டுக்கு ஒரு வேலையில இருக்கும் கலை. திடீர்னு கீபோர்டு கூப்புடும், கார்டு கூப்புடும். அதுக்குப் பேருதான் இன்டரப்ட். கூப்ட்டா எழுந்து போய்த்தான் ஆவணும். ஆனா எங்க வுட்டோம்னு குறிச்சு வச்சிட்டுப் போவணும். போயி, 'சரி, பாத்துட்டேன்'னு மட்டும் சொல்லிட்டு வந்துரணும். மீதிய அப்புறம் சாவகாசமா செய்யணும். வாசப்படியில நின்னுக்கிட்டே கதை பேசுனா, அடுத்து வர்றவன் எங்க நிப்பான்?"

கம்ப்யூட்டருக்கு அது சரி, மனுஷனுக்கு எதற்கு என்றேன். மனுஷனுக்கு அவ்வளவு வேகம் இல்லை, அதனால் இன்னும் ஜாஸ்தி ஒழுங்கு வேண்டும் என்றார். அன்று சாயங்காலம் போனில் கூப்பிட்டு அதே கேள்விக்கு இன்னும் விரிவாகப் பதில் சொன்னார். நான் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு கடை தாண்டியும் பதில் முடியவில்லை.

இப்போது பெட்டிக்கு வந்த நோயைச் சொல்ல வேண்டும். கார்டை எடுப்பதற்கு முன் ஒரு பட்டனை அழுத்த வேண்டும், பச்சை விளக்கு அணைந்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று பெட்டியின் மேலேயே முதலாளி தமிழில் எழுதி ஒட்டியிருந்தார். கல்யாண மண்டபத்தில் எந்தக் கேமராக்காரர் விளக்கு அணையக் காத்திருப்பார்? நல்ல நேரம் முடியப் போகிறது, தாலி தட்டு சுற்றி வருகிறது, மேளக்காரர் குச்சியைத் தூக்கிவிட்டார். கார்டை வெடுக்கென்று உருவி, பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு, மேடைக்கு ஓடுவதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். அறிவிப்பை எழுதி ஒட்டிய முதலாளியே சோதனை பார்க்கும்போது பட்டனை அழுத்தாமல்தான் உருவினார். பழக்கதோஷம்.

உருவினால் பெட்டி அப்படியே உறைந்துவிடும். எப்போதும் இல்லை, சில நேரம் மட்டும். அதுதான் கொடுமை. கடலூரில் ஒரு கல்யாணத்தில், பெண்ணின் பெரியப்பா ஒரு முழு ஜாங்கிரியை வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்த தருணத்தில் பெட்டி நின்றது. கடைசிப் பந்தி எழுந்திருக்கும்வரை மண்டபத்துத் திரையில் ஆளுயரத்துக்கு அந்த வாயும் பாதி ஜாங்கிரியும் அசையாமல் இருந்தன. அந்தப் பெரியவர் வாழ்க்கையில் எத்தனையோ நல்ல காரியங்கள் செய்திருப்பார். ஊர் இன்று அவரை ஜாங்கிரிக்காரர் என்றுதான் சொல்கிறது.

கேமராக்காரர்களுக்கு நல்லபடியாகச் சொல்லிக் கொடுக்கலாம் என்றார் முதலாளி. ஒருநிமிஷம் ஒப்பவில்லை. முகூர்த்த நேரத்தில் அவர்கள் கை அப்படித்தான் போகும், பெட்டிதான் அதற்கு ஏற்றபடி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆக, காலையிலிருந்து மாலைவரை கார்டை உருவுவது என் வேலையாயிற்று. மெதுவாக உருவினேன். வெடுக்கென்று உருவினேன். இடது கையால், தும்மிக்கொண்டே, மாப்பிள்ளை வீட்டோடு சண்டை போட்ட கேமராக்காரரின் ஆவேசத்தோடு, எல்லா விதத்திலும் உருவினேன். நகம் உடைந்ததே தவிர நோய் புரியவில்லை.

ஒரு முற்பகல் ஒருநிமிஷம் மேஜையைத் தட்டினார். விரலைத் தூக்கவில்லை, எங்கே விட்டேன் என்றும் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பயந்தே போனோம்.

"கார்டு உருவுறப்ப கம்பி அதிருது. 'யாரோ கூப்புடறாங்க'ன்னு நம்ம புரோகிராம் எழுந்து ஓடுது. போயி, 'நீயா கூப்ட்ட?'ன்னு கேக்குது. அங்க கார்டே இல்ல. ஆனா ஆளில்லாத எடத்துல படிச்சா எல்லாமே ஒண்ணு ஒண்ணுன்னுதான் வரும். ஒண்ணுன்னா ஆமான்னு அர்த்தம். 'நீயா கூப்ட்ட?' ஆமா. 'வேலை இருக்கா?' ஆமா. 'முடிச்சிட்டேன், இன்னும் இருக்கா?' ஆமா. அது ஆமா சொல்லிக்கிட்டே இருக்கு, இது செஞ்சிக்கிட்டே இருக்கு. மத்த வேலையெல்லாம் அம்போன்னு நிக்குது."

முதலாளி தலையைச் சொறிந்தார். இல்லாத கார்டு எப்படிப் பதில் சொல்லும் என்று கேட்டார்.

"இருக்கறவன்னா ஏதாவது ஒண்ணுக்காவது இல்லன்னு சொல்லுவான் சார். போனவன்தான் எல்லாத்துக்கும் ஆமாம்பான்" என்றார் ஒருநிமிஷம்.

தீர்வு அவரைப் பொறுத்தவரை எளிமையானது. ஒழுங்காகச் செருகப்பட்டிருக்கிற எந்தக் கார்டும் ஆமாம் என்று சொல்லவே முடியாத ஒரு கேள்வியை முதலில் கேட்க வேண்டும். அதற்கும் ஆமாம் என்று பதில் வந்தால், அங்கே ஆள் இல்லை. வேறு எதுவும் கேட்காமல் திரும்பி வந்து, அடுத்த கேமராவைக் கவனிக்க வேண்டியதுதான். எழுதினார். நான் உருவினேன். பெட்டி ஒருமுறைகூடத் திணறாமல் அடுத்த வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தது. என் வாழ்க்கையில் எதையோ உடைக்க முடியாமல் போனதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

இதோடு விட்டிருந்தால் நல்ல கதை. ஒருநிமிஷம் விடவில்லை. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு மனிதர்களிடம் கிளம்பிவிட்டார்.

இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்று புகார் எண்ணுக்குப் போன் போட்டார். எதிர்முனைப் பெண் எல்லாவற்றுக்கும் "கண்டிப்பா சார்" என்றாள். "நீங்க தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டே பேசறீங்களா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். "கண்டிப்பா சார்" என்று பதில் வந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டு, வயரை அவரே சரிசெய்துகொண்டார். முதலாளி ஒரு கூட்டத்தில் போனை நோண்டிக்கொண்டே ம் கொட்டிக்கொண்டிருந்தார். "அப்ப பெட்டியக் கெடிலம் ஆத்துல போட்டுரட்டுமா சார்?" என்றார் இவர். "போட்டுடு" என்றார் முதலாளி. இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார். தேய்ந்த முழங்காலோடு முதலாளி தெருமுனைவரை ஓடித்தான் பிடிக்க முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் கூட்டங்களில் போன்கள் எல்லாம் கவிழ்ந்தே கிடந்தன.

அவரை மிஞ்சியவர் டீக்கடை மாஸ்டர் ஒருவர்தான். மாஸ்டர் எதற்கும் சரி என்று தலையாட்டுகிறாரே என்று, ஒருநாள், "டீயில சக்கரைக்குப் பதிலா உப்பு போடுங்க" என்றார் இவர். "சரி" என்ற மாஸ்டர், போட்டே கொடுத்துவிட்டார். அந்தக் கண்றாவியை ஒருநிமிஷம் கடைசிச் சொட்டுவரை ஆனந்தமாகக் குடித்தார். "ஆள் இருக்காரு" என்று என்னிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. உப்பினாலும் இருக்கலாம்.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது.

சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு நிலம். அப்பாவுக்கு நான் ஒரே பெண், கூடப் பிறந்தவர்கள் இல்லை. சிதம்பரத்திலிருந்து ஒரு வரன். நல்ல குடும்பம், நல்ல பையன், சொந்த வீடு. அவர்கள் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்று: கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போகக் கூடாது. அப்பா அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. பெண் வெயிலில் அலையாமல் இருக்கப் போகிறாள் என்று பூரித்துப் போனார். கரும்பு வெட்டுக்கு ஆள் கிடைக்காமல் நொந்துபோயிருந்த முகம் அது. அதில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்த பிறகு, மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. 'ம்' என்றேன். முதல் 'ம்'தான் கஷ்டம். அதற்கப்புறம் அது தானாக வந்தது. தேதி சரியா? ம். புடவை இந்த நிறம் போதுமா? ம். வேலையை எப்போது விடுகிறாய்? ம்.

ஆபீசில் சொன்னேன். முதலாளிக்குச் சந்தோஷம், வருத்தம் இரண்டும். சிதம்பரத்தில் நடக்கும் நிச்சயதார்த்தத்துக்கு மண்டபப் பெட்டியை என் பரிசாகக் கொண்டு வந்து வைக்கிறேன் என்றார். ஒருநிமிஷம் வழக்கம்போல, "தெரிஞ்சிது. சாயங்காலம்" என்றார்.

சாயங்காலம் படியிறங்கும்போது கேட்டார். மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்றார். ம். வேலையை விடுவதில் வருத்தம் இல்லையா என்றார். ம். சிதம்பரம் வசதிப்படுமா என்றார். ம்.

"வெள்ளாத்து முதலையப் புடிச்சி வூட்ல கட்டிப் போட்டு வளக்கறீங்களாமே?"

"ம்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ஒருநிமிஷம் படியிலேயே நின்று என்னைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போட நான் என்ன அவரா? அங்கேயே பொரிந்து தள்ளினேன். கம்பிக்கும் கார்டுக்கும் செய்கிற வித்தையை என்னிடம் காட்ட வேண்டாம், இது எங்கள் வீட்டு விஷயம், மூன்றாம் மனுஷர் மூக்கை நுழைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். "வாங்கிக்கிட்டேன்" என்றார். மறுநாள் அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சிதம்பரத்தில், தேர் ஓடும் வீதியை ஒட்டிய ஒரு சின்ன மண்டபம். மேடைக்குப் பக்கத்தில் பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் முதலாளியும் ஒருநிமிஷமும். கேமராக்காரரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஜாங்கிரிக்காரர் கல்யாணத்தில் கார்டை உருவிய அதே ஆசாமி.

தட்டு மாற்றுவதற்கு முன் மாப்பிள்ளையின் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சபையில் எல்லாரும் கேட்க, பெண்ணிடம் நாலு வார்த்தை கேட்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். நல்ல அம்மாள், குரலில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. வேலையை விட்டுவிடுவாய் இல்லையா என்றார். ம் என்றேன். மாமியாரோடு ஒன்றாக இருப்பாய் இல்லையா என்றார். ம் என்றேன். சபை திருப்தியாகத் தலையாட்டியது.

அந்த நேரம் பார்த்துக் கேமராக்காரர் பட்டனையும் அழுத்தாமல் விளக்கையும் பார்க்காமல் கார்டை வெடுக்கென்று உருவிப் பல்லில் கவ்வினார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். பெட்டி நிற்கவில்லை. ஒரு கண் சிமிட்டும் நேரம் திரை கறுத்தது. உடனே, பெட்டியோடு வயரில் இணைத்திருந்த இரண்டாவது கேமராவின் நேரடிப் படத்துக்குப் போய்விட்டது. அந்தக் கேமரா என் முகத்துக்கு நேராக இருந்தது. எதிரே சுவர் உயரத்துக்கு நான்.

"எங்க வூட்ல வாரத்துல பாதி நாள் கொத்சுதாம்மா. கத்திரிக்கா கொத்சு இல்லன்னா இவனுக்கு இட்லி எறங்காது. நீயும் நல்லா சாப்புடுவ இல்ல?" என்றார் அத்தை.

திரையில் இருந்த பெண் தலையை ஆட்டி "ம்" என்றாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். பூ இருந்தது, பொட்டு இருந்தது, ஆள் இல்லை.

முன்வரிசையில் அப்பா தலையைத் தூக்கினார். மண்டபத்தின் இன்னொரு பக்கத்திலிருந்து, "ஒரு நிமிஷம்" என்று ஒரு குரல் வந்தது.

வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களின் குறுக்கீட்டைத் தாங்குவதற்கே அந்த வார்த்தையைச் சொல்லி வந்த மனுஷர், முதல்முறையாக அதைச் சொல்லி ஒரு சபைக்குக் குறுக்கே வந்தார். மேளக்காரர்கூடக் குச்சியை இறக்கிவிட்டார். ஒருநிமிஷத்துக்கு வேர்த்துக் கொட்டியது. கூட்டத்தில் பேசி அறியாதவர்.

"ஐயா, மன்னிச்சிக்குங்க. கலைக்குக் கத்திரிக்கா ஆவாது. உங்களுக்கும் தெரியும். அவுங்க இங்க இல்லீங்க ஐயா. நீங்களே ஒருவாட்டி கேட்டுப் பாருங்க."

யார் இவன், எங்கிருந்து வந்தான் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பெட்டி நிற்காத பரவசத்தில் முதலாளி மட்டும், "நிக்கலடா, ஓடுதுடா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து மேடைக்கு வந்தார். என் எதிரே குனிந்து நின்றார். அந்த வரன் வந்த நாளிலிருந்து அப்பா என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார். பதிலுக்காக நின்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"கத்திரிக்கா சாப்புடுவியாம்மா?"

"இல்லப்பா."

"வேலைய வுட்டுர்றியா?"

"இல்லப்பா. வுட மாட்டேன்ப்பா."

ஒரு 'இல்ல' வெளியே வந்ததும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்ததும் வந்துவிட்டது. அழுகையும் வந்தது. மை கரைந்து ஓடியதைச் சபை முழுக்கப் பெரிய திரையில் பார்த்தது. எங்கள் பெட்டியின் படம் அவ்வளவு துல்லியம்.

மாப்பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் என்னிடம் வந்து, கொத்சில் கத்திரிக்காய் போடாமல் இருந்துவிடலாம், வேலை விஷயத்தில் அம்மாவை மீறி என்னால் பேச முடியாது என்று நேராகச் சொன்னார். சொன்னதே பெரிது. தட்டு மாற்றவில்லை. ஆனால் சமைத்த சாப்பாட்டை யாரும் வீணாக்கவும் இல்லை. இரண்டு வீட்டாரும் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல், பாயசம்வரை சாப்பிட்டுவிட்டே எழுந்தார்கள்.

அப்பா பல நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி மஞ்சக்குப்பம் ஆபீசுக்கே வந்துவிட்டார். ஒருநிமிஷத்தின் எதிரே நின்று, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினார். சபையில் தலைகுனிய வைத்துவிட்டாயே என்றார். உனக்கு அறிவிருக்கிறதா என்றார். என் பெண்ணைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்றார். மேளக்காரன்கூட என்னைப் பரிதாபமாகப் பார்த்தான் என்றார். ஒருநிமிஷம் எழுந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாங்கிக்கிட்டேங்கய்யா" என்றார். இப்படிப்பட்ட பதிலுக்கு மேல் எப்படிச் சண்டை போடுவது என்று தெரியாமல், அப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் நான் கார்டை உருவுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். தும்மிக்கொண்டே உருவிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் இன்னொரு தடவை செய் என்றார்.

அன்று சாயங்காலம் சேத்தியாத்தோப்பு வீட்டில் அப்பாவின் போன் அடித்தது. ஒருநிமிஷம்தான். அப்பா திட்டியதை வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொன்னாராம்.

"அறிவிருக்கான்னு கேட்டீங்க ஐயா. இருக்குங்க. ஆனா கூட்டத்துல வேலை செய்யாதுங்க. சபையில தலைகுனிய வச்சதுக்கு மன்னிப்பு கேக்கறேங்க. உங்க பொண்ணப் பத்தி என்ன தெரியும்னீங்க. கத்திரிக்கா ஆவாதுன்னு மட்டும் தெரியுங்க."

அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாராம். பிறகு சிரித்தாராம். நான் பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் பேச்சு முடிந்துவிட்டது, அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேளக்காரன் விஷயத்துக்கும் ஒரு பதில் இருந்திருக்கிறது. அதைச் சொல்ல முடியாத அளவுக்கு இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள்.

அதற்கு அடுத்த வரன் வந்தபோது அப்பா எதுவும் பேசி முடிக்கவில்லை. நான் சாப்பிட்டுக் கை கழுவும்வரை காத்திருந்து, எதிரே உட்கார்ந்து கேட்டார். எனக்கு யோசிக்க வேண்டும் என்றேன். யோசி என்று எழுந்து போனார். யோசித்தேன். பையனிடம் பேசினேன், கேட்க வேண்டியதைக் கேட்டேன், சண்டைகூடப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் சரி என்றேன். வாய் திறந்து, முழு வார்த்தையாக.

கல்யாணம் கடலூரில் நடந்தது. மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் போட வேண்டிய நேரத்தில், பெண்ணுக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லையே, பங்காளி வீட்டுப் பையன் யாரையாவது நிற்க வைக்கலாமா என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அப்பா யாரையும் கேட்கவில்லை. மண்டபத்தின் கடைசி வரிசைக்கு நடந்து போய், அப்போது வேறு வேலை கிடைத்து ஓசூருக்குப் போய்விட்டிருந்த ஒருநிமிஷத்தைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தார். "எம் பொண்ணுக்கு அண்ணன் இவருதான்" என்று சபைக்குச் சொன்னார்.

மோதிரத்தை இந்த அண்ணன் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். அப்பா அவரிடம் எப்போது சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அளவுக்குத் தன் விரலையே கொடுத்திருக்கிறார் போலிருக்கிறது. அவர் விரல் முருங்கைக்காய், என் கணவர் விரல் வாழைக்காய். எப்படியோ அழுத்திப் போட்டுவிட்டார். எண்ணெய், சோப்பு என்று எல்லாம் பார்த்துவிட்டார் என் கணவர். இன்றுவரை அது கழறவில்லை. கழற வேண்டாம் என்றுதான் நானும் சாமியைக் கும்பிடுகிறேன்.